தேர்தல் தோல்விக்குப் பின் கட்சிகள் மீண்டெழுவது எப்படி? பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகள் காட்டும் வரலாறு

பாலக்காடு / இடுக்கி: பெருந்தோல்வியைச் சந்தித்த ஓர் அரசியல் கட்சி மீண்டும் மக்கள் ஆதரவைப் பெறுவது எவ்வாறு என்பதற்கு, தமிழ்நாட்டை ஒட்டியுள்ள கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் தெளிவான சான்றாக விளங்குகின்றன. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மூணாறு, பீர்மேடு போன்ற இப்பகுதிகளில் தமிழ் பேசும் வாக்காளர்கள் கணிசமாக வசிக்கின்றனர்.

2019-இல் நேர்ந்தது என்ன?

2019 மக்களவைத் தேர்தலில் கேரளத்தின் 20 தொகுதிகளில் 19-ஐ காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணி கைப்பற்றியது. மாநிலத்தை ஆண்ட இடது ஜனநாயக முன்னணிக்கு ஆலப்புழா மட்டுமே கிடைத்தது. பாலக்காட்டில் மார்க்சிஸ்ட் கட்சியின் எம்.பி.ராஜேஷ் 11,637 வாக்குகளில் தோற்றார். ஆலத்தூரில் 1,58,968 வாக்குகளும், இடுக்கியில் 1,71,053 வாக்குகளும் வித்தியாசமாக அமைந்தன. 140 சட்டப்பேரவைத் தொகுதிகளில் 16-இல் மட்டுமே இடது முன்னணி முன்னிலை பெற்றிருந்தது.

சபரிமலை தீர்ப்பைத் தொடர்ந்து எழுந்த அதிருப்தியும், வயநாட்டில் ராகுல் காந்தி போட்டியிட்டதும் தோல்விக்கு முக்கியக் காரணங்களாகக் கருதப்பட்டன.

வீடு தேடிச் சென்ற தலைவர்கள்

2019 ஜூலையில் மார்க்சிஸ்ட் கட்சியின் தலைவர்கள் வீடு வீடாகச் சென்று மக்களின் குறைகளைக் கேட்டனர். சபரிமலை விவகாரத்தில் இறைநம்பிக்கையாளர்கள் கட்சியை விட்டு விலகியதை ஏற்றுக்கொண்டு, தனது அணுகுமுறையையும் அக்கட்சி மென்மையாக்கிக் கொண்டது. அதே ஆண்டு நடந்த இடைத்தேர்தல்களில் பாலா, கோன்னி, வட்டியூர்க்காவு தொகுதிகளை ஐக்கிய ஜனநாயக முன்னணியிடமிருந்து இடது முன்னணி பறித்தது. எனினும், தன் வசமிருந்த அரூரை இழந்தது.

கூட்டணியும் நலத்திட்டங்களும்

2020 அக்டோபரில் ஜோஸ் கே.மாணி தலைமையிலான கேரள காங்கிரஸ் (எம்) இடது முன்னணியில் இணைந்தது. 2016-இல் 600 ரூபாயாக இருந்த சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் 1,600 ரூபாயாக உயர்ந்தது. கொரோனா காலத்தில் உணவுப் பொருள் தொகுப்புகள் வழங்கப்பட்டன. 2020 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்ட ஊராட்சிகளும் இடது முன்னணி வசமாயின.

புதிய முகங்கள்

2021 சட்டப்பேரவைத் தேர்தலில், தொடர்ந்து இருமுறை வென்றவர்களுக்கு மார்க்சிஸ்ட் கட்சி பொதுவாக வாய்ப்பளிக்கவில்லை. பாலக்காடு மாவட்டத்தின் தரூரில் அமைச்சர் ஏ.கே.பாலனும், தேவிகுளத்தில் மூன்று முறை வென்ற எஸ்.ராஜேந்திரனும் களமிறக்கப்படவில்லை. தேவிகுளத்தில் நிறுத்தப்பட்ட ஏ.ராஜா வென்று தமிழில் பதவியேற்றார். ஆனால், இந்த மாற்றத்துக்கு விலையும் இருந்தது. தேர்தலில் ராஜாவுக்கு எதிராகச் செயல்பட்டதாக ராஜேந்திரன் 2022-இல் கட்சியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார்.

அத்தேர்தலில் இடது முன்னணி 99 இடங்களுடன் ஆட்சியைத் தக்கவைத்தது. பாலக்காடு மாவட்டத்தின் 12 இடங்களில் 10-ம், இடுக்கியின் 5 இடங்களில் 4-ம் அதற்குக் கிடைத்தன. இடுக்கியில் கூடுதலாகக் கிடைத்த ஓரிடம், புதிய கூட்டணிக் கட்சியின் ரோஷி அகஸ்டின் வென்ற இடுக்கி தொகுதியாகும். உடும்பன்சோலையில் எம்.எம்.மணியின் வாக்கு வித்தியாசம் 1,109-லிருந்து 38,305 ஆக உயர்ந்தது. பாலக்காட்டில் தோற்ற ராஜேஷ், திருத்தாலாவில் வென்று பேரவைத் தலைவரானார்.

காங்கிரஸின் அனுபவம்

2014-இல் மேற்குத் தொடர்ச்சி மலை பாதுகாப்பு அறிக்கைகளுக்கு எதிரான விவசாயிகளின் கோபத்தால் காங்கிரஸ் இடுக்கியை இழந்தது. அப்போது 50,542 வாக்குகளில் தோற்ற டீன் குரியாகோஸையே அக்கட்சி 2019-இல் மீண்டும் நிறுத்தி வென்றது. 2021 தோல்விக்குப் பின் எதிர்க்கட்சித் தலைவராக வி.டி.சதீசனையும், மாநிலத் தலைவராக கே.சுதாகரனையும் நியமித்தது. 2024 மக்களவைத் தேர்தலில் ஐக்கிய ஜனநாயக முன்னணி 18 இடங்களில் வென்றது. இடது முன்னணிக்கு மீண்டும் ஓரிடமே, இம்முறை ஆலத்தூர், கிடைத்தது. ஒருமுறை மீண்டெழுந்த கட்சிக்கு அந்த ஆதரவு நிலையானதல்ல என்பதை இது உணர்த்துகிறது.

எல்லைப்பகுதித் தமிழர்களின் எதிர்பார்ப்பு

மக்களின் அதிருப்தி வாக்குச்சாவடிக்கு வெளியேயும் வெளிப்படும். 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளர்கள் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில், அனைத்துத் தொழிற்சங்கங்களையும் ஒதுக்கிவிட்டுப் போராடி, 20 சதவீத போனஸ் பெற்றனர். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி பெட்டிமுடி நிலச்சரிவில் தோட்டக் குடியிருப்புகள் புதைந்து 70 பேர் பலியாகினர். ஓய்வுபெற்றால் காலி செய்ய வேண்டிய இத்தகைய வீடுகளில் வாழ்வோருக்குச் சொந்த வீட்டுமனையே முதன்மைக் கோரிக்கை. சித்தூர் விவசாயிகளுக்கோ, 1970-ஆம் ஆண்டு பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி கிடைக்க வேண்டிய 7.25 டிஎம்சி தண்ணீர் முக்கியம்.

கூலி, வீட்டுமனை, தண்ணீர் ஆகிய இம்மூன்றுக்கும் விடை தராத கட்சிக்கு, தலைவர்களையும் கூட்டணியையும் மாற்றுவது மட்டும் இங்கு நீடித்த ஆதரவைத் தராது.