கீழூரில் கேட்ட கேள்வி

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடிய கதையை எங்கள் அம்பத்தூர்ப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி எனக்குப் பாடமாகிவிட்டது. அதற்கு மூன்று மாதம் முன்பு கீழூரில் நடந்ததை மட்டும் ஒருவரும் சொன்னதில்லை.

மக்கள் சம்மதமின்றி நிலத்தைக் கைமாற்றும் ஒப்பந்தம் செல்லாது என்றது பிரான்ஸின் 1946-ஆம் வருஷத்து அரசியல் சட்டம். வங்காளத்துச் சந்திரநாகூரில் 1949-ல் ஊரே வாக்களித்தது: இந்தியாவுடன் இணைய 7,463, எதிராக 114. புதுச்சேரிக்கோ 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பிரதிநிதிகள்தாம் வாக்களித்தார்கள். இணைப்புக்கு 170, எதிராக எட்டு. அந்த எட்டுப் பேர்மேல் எனக்கு ஏனோ ஒரு மரியாதை.

கேட்டது இணைப்பைப் பற்றி மட்டுமே. வரியைப் பற்றித் தனியாகக் கேட்கவில்லை. ஆனால் தெருவில் பேச்சு வேறென்னவாக இருந்திருக்கும்? இந்தியாவோடிருந்த சுங்க உடன்பாடு 1949-ல் முறிந்ததும் எல்லையெங்கும் சாவடிகள் முளைத்தன. கடலூருக்குப் போகிறவன் மூட்டையை அவிழ்க்க வேண்டும். இணைந்தால் சாவடி போய்விடும். சீமைச் சரக்கின் மலிவும் கூடவே போய்விடும்.

ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28-ல். பிரெஞ்சுப் பார்லிமெண்டு சம்மதித்து அது அமலுக்கு வர 1962 ஆகஸ்டு ஆயிற்று. இந்தியச் சுங்கச் சட்டமோ, நிர்வாகம் கைமாறிய 1954 நவம்பரிலேயே துறைமுகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.