முன்பணமும் மூன்று மாதச் சிறையும்

“பாக்கியைக் கட்டாமல் நின்றாயோ, போலீசில் எழுதிக் கொடுத்துவிடுவேன்!” குமாரபாளையத்து விசைத்தறிக் கூடங்களோடு பழகியோர்க்கு இந்த மிரட்டல் புதியதன்று. பாக்கி என்றால் இங்கே முதலாளியிடம் தறிக்காரர் வாங்கியிருக்கும் முன்பணம். கலியாணத்துக்கு வாங்குவர், காய்ச்சலுக்கு வாங்குவர். தீரும்வரை அதே பட்டறையில் தறி ஓட்டுவர். கீர்ட் டி நேவ் என்னும் மானிடவியலார் இவ்வூரில் ஆய்வு நடத்தி, 1999இல் இந்தப் பாக்கியைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார். பாக்கி தொழிலாளியைக் கட்டிப்போடுவதைக் கண்டார். அதே தொழிலாளி வேறொரு முதலாளியைக் கொண்டு பாக்கியை அடைக்கச் செய்து பட்டறை மாறிவிடுவதையும் கண்டார். தறிக்காரர் வாயில்லாப் பூச்சி அல்லர், தோழர்களே! ஆயினும், போலீஸ் என்ற சொல் கேட்டதும் அவர் நெஞ்சு நடுங்குகிறது. கடன்பட்டவனைப் போலீஸ் ஏன் பிடிக்க வேண்டும்? இதை அவர் தலைவிதி என்கிறார். விதிதான், ஆனால் அதை எழுதியது ஆண்டவனல்ல, ஆளவந்தார்!

வகுப்பறையில் 1857 என்றதும் சிப்பாய்க் கிளர்ச்சி என்று மாணவர் முழங்குகின்றனர். 1859 என்றால் மௌனம். அந்த ஆண்டு மே மாதம் வெள்ளையர் அரசு 13ஆம் எண்ணுள்ள சட்டமொன்றை இயற்றியது. வேலையாள் ஒப்பந்த மீறல் சட்டம் என்பது அதன் பெயர். கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களில் தொழில் நடத்துவோரிடம் முன்பணம் வாங்கிய கைவினைஞரும் கூலியாட்களும் வேலையை முடிக்காமல் போய்விடுவதால் நட்டம் விளைகிறது என்று அதன் முகவுரை முறையிட்டது. நட்டம் வந்தால் நாட வேண்டியது சிவில் நீதிமன்றம் அல்லவா? வணிகருக்கு வணிகர் கடன்பட்டால் அங்கேதானே செல்கின்றனர்? தொழிலாளி கடன்பட்டால் மட்டும் மாஜிஸ்ட்ரேட்டின் வாசல்! முதலாளி புகார் கொடுப்பார். மாஜிஸ்ட்ரேட் அழைப்பாணையோ பிடிவாரண்டோ பிறப்பிப்பார். பணத்தைத் திருப்பிக் கொடுப்பதா, வேலையைச் செய்து முடிப்பதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு? அதுவும் முதலாளிக்கே! ஆணைக்கு அடங்காவிடில் மூன்று மாதம் வரை கடுங்காவல். கூலி கொடாத முதலாளிக்கு அச்சட்டத்தில் என்ன தண்டனை? தேடிப் பாருங்கள், ஒரு வரிகூட இல்லை. மூன்று நகரங்களுக்கென்று பிறந்த சட்டம் பிறகு வெளிப்பகுதிகளுக்கும் நீண்டது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் துரைமாருக்கு நல்ல சாட்டையாயிற்று.

பிரிட்டனிலும் ஒரு காலத்தில் இப்படித்தான். ஒப்பந்தத்தை மீறிய எஜமானனுக்கு சிவில் வழக்கு, வேலையாளுக்குச் சிறை! அங்கே தொழிலாளர் சங்கங்கள் போராடின. 1875இல் அந்த ஓரவஞ்சனை ஒழிந்தது. தம் நாட்டார் காலிலிருந்து கழற்றிய விலங்கை நம்மவர் காலில் மேலும் ஐம்பது ஆண்டு விட்டுவைத்தனர். 1925இல்தான் நீக்கச் சட்டம் வந்தது; 1926 ஏப்ரல் முதல் நாள் அது நடைமுறையானது. தொலைவிடத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட வேலையாள் ஓடிப்போனால் தண்டிக்கும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 492ஆம் பிரிவும் 1925இல் வீழ்ந்தது.

அதே 1926இல் தொழிற்சங்கச் சட்டமும் பிறந்தது. 1918இல் அமைந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் வாடியா முதலியோர் மீது பின்னி நிறுவனம் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்ற கதை நாடறிந்தது. சங்கத்தின் நோக்கத்துக்காகக் கூடிப் பேசி முடிவெடுப்பதையே குற்றச்சதி என்று தண்டிக்கலாகாது எனப் புதிய சட்டத்தின் 17ஆம் பிரிவு காப்பளித்தது.

இனித் தொழிலாளிக்கு நீதிமன்ற வாசல் திறந்தது என்று எண்ணலாமா? 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 34ஆம் பிரிவைப் படியுங்கள். அச்சட்டப்படியான எந்தக் குற்றத்தையும், அரசோ அரசின் அதிகாரம் பெற்றவரோ புகார் கொடுத்தாலொழிய எந்த நீதிமன்றமும் விசாரணைக்கு எடுக்கலாகாது! தீர்ப்பாயம் அளித்த தீர்ப்பை முதலாளி மிதித்தால் அது குற்றம். ஆனால் மிதிபட்ட தொழிலாளி நேரே சென்று புகார் கொடுக்க இயலாது. 1859இல் முதலாளி எவரிடம் இசைவு கேட்டார்? நியாயமாகச் சொன்னால், சட்டவிரோத வேலைநிறுத்தம் என்று முதலாளி நேரே மன்றம் ஏறுவதையும் அதே பூட்டுத்தான் தடுத்தது. ஆயினும் சாவி கோட்டையில் இருக்கும்போது, கோட்டைக்கு வழி தெரிந்தவர் யார், தறிக்காரரா? 2025 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பும் இந்தப் பூட்டை விட்டுவைத்திருக்கிறது.

பாக்கிக்கு நேரான மறுமொழி வேறொரு சட்டத்தில் உண்டு. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து 1976இல் நிலைபெற்ற கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், 1859ஐத் தலைகீழாக்கியது. கொத்தடிமைக் கடன் அடியோடு ஒழிந்தது. ஒழிந்த கடனை வசூலிப்பவருக்கே மூன்றாண்டு வரை சிறை! முன்பணம் வாங்கியதாலேயே ஒருவர் கொத்தடிமை ஆகிவிடார். அதன் பொருட்டு வேறிடம் செல்லும் உரிமையை இழந்தாலோ, குறைந்தபட்சக் கூலியினும் குறைத்துப் பெற்றாலோ அந்நிலை எய்துகிறார். இது அத்தகைய கடன் என்று தொழிலாளி சொன்னால் போதும். அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு, 15ஆம் பிரிவின்படி, கடன் கொடுத்தவருடையது.

சாதாரணக் கடனாயினும் என்ன? அதைத் திருப்பாதது மட்டும் மோசடி ஆகாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலும் அறுதியிட்டது. பாக்கி வாங்கிப் பல மாதம் தறி ஓட்டிக் கழித்தவரிடம் அந்த எண்ணத்தை எங்கே தேடுவர்? போலீஸ் மிரட்டலுக்குச் சட்டத்தில் இருந்த ஆதாரம் 1926லேயே போய்விட்டது. 1976ஆம் ஆண்டுச் சட்டம், அதன் குற்றங்களை விசாரிக்கும் அதிகாரத்தை நிர்வாகத்துறை நடுவர்க்கு அளிக்க இடம் வைத்தது. விடுதலைச் சான்று வழங்குபவர் கோட்டாட்சியர். குமாரபாளையம் வட்டத்தார்க்கு அந்த அலுவலகம் திருச்செங்கோட்டில் இருக்கிறது.