பிள்ளை பிடிக்கிறவர்கள்: துப்பறியும் கதைக்கு வெளியே ஒரு வரலாறு

2025 ஜூலையில் ஆரம்பாக்கம் பக்கத்தில் பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பிய ஒரு சிறுமி தூக்கிச் செல்லப்பட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானாள். தூக்கிப்போனவனின் உருவம் காமிராவில் பதிவாகியிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு வாரம் தனிப்படைகள், ஊர் ஊராக அந்தப் படம், துப்புக் கொடுத்தால் 5 லட்சம் ரூபாய் என்ற அறிவிப்பு, போராட்டங்கள் என்று போய், எல்லை தாண்டியதும் வருகிற சூளூர்பேட்டை ரயில் நிலையத்தில் ஒருவர் பிடிபட்டார். வெளிமாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவர்.

அந்த நாட்களில் செய்திகள் எழுதப்பட்ட முறை நமக்கு நன்றாகப் பழகிய ஒன்று. தினம் ஒரு அத்தியாயம், தினம் ஒரு துப்பு, நெருங்கிவிட்டது போலீஸ் என்று ஒரு முடிப்பு. துப்பறியும் கதையின் இலக்கணம் இது. இந்த இலக்கணம் ஒரு முகத்தைக் கேட்கிறது. முகம் கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிடலாம். இந்த வழக்கில் முகத்தைத் தேடியது நியாயம்தான், பிடித்ததும் நியாயம்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் கவலை வேறு. ஒரு முகத்துக்கான தேடல் எப்போது ஒரு சாதியின், ஒரு மொழியின், ஒரு கும்பலின் முகத்துக்கான தேடலாக மாறுகிறது என்பதும், இந்த மாற்றத்தில் யாருடைய கை மறைந்துபோகிறது என்பதும்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளில் பீகாரிகளும் ஒடியாக்காரர்களும் ஜார்க்கண்ட்காரர்களும் இல்லாமல் ஒரு ஷிப்டு ஓடாது. அவர்கள் எல்லாரையும் 'வடக்கன்' என்ற ஒரே சொல்லில் அடைக்கப் பழகிவிட்ட வட்டாரம் இது.

அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு முன்னுதாரணம் இதே ஏரிக்கரையில் இருக்கிறது. பழவேற்காடு ஏரியின் மேற்குப் பக்கம் ஆரம்பாக்கம், தெற்கு முனையில் பழவேற்காடு. 2018 மே மாதம் வடக்கிலிருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் இறங்கியிருக்கிறது என்று வாட்ஸப்பில் வதந்தி ஓடியது. பழவேற்காடு பக்கம் சுற்றிக்கொண்டிருந்த, மனநிலை சரியில்லாதவர் என்று கருதப்பட்ட ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். செய்தி வந்தபோது அவருக்குப் பெயரில்லை. அதே 9ஆம் தேதி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், கோயிலுக்குக் காரில் வந்த குடும்பத்தில் அறுபது தாண்டிய ஒரு அம்மா குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவரை அடித்தே கொன்றார்கள். அவர் வடக்கிலிருந்து வந்தவரும் இல்லை, தமிழ்ப் பெண்தான். வதந்திக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

1931ல் ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த 'எம்' படத்தில் இந்தக் காட்சி ஏற்கெனவே இருக்கிறது. குழந்தைகளைக் கொல்கிறவன் ஒருவன் நகரத்தில் திரிகிறான். தெருவில் ஒரு சிறுமி ஒரு பெரியவரிடம் மணி கேட்கிறாள். அவர் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போ அம்மா என்கிறார். அவ்வளவுதான், கூட்டம் சூழ்ந்துகொள்கிறது. துப்பறியும் சினிமாவின் ஆரம்ப நாட்களிலேயே லாங் அந்த வடிவத்துக்குள் இருக்கும் விஷத்தைத் தொட்டுக் காட்டிவிட்டார். இன்ஸ்பெக்டர் லோமான் காகிதங்களைப் புரட்டித் தேட, திருடர் சங்கமும் பிச்சைக்காரர்களும் தனியாகத் தேடுகிறார்கள். பிடிபட்டவனைத் திருடர்களே விசாரிக்கும் இடத்தில், பார்க்கிறவன் தானும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதை உணர்கிறான். நம் பக்கத்துப் பிரதிகளில் இந்தச் சங்கடம் வாசகனுக்குத் தரப்படுவதே இல்லை.

2018ல் இந்தியா முழுக்கச் சுற்றிய வீடியோ ஒன்றும் கவனத்திற்குரியது. பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட குறும்படம். அசலில் அவர்களே பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒரு அட்டையைப் பிரித்துக் காட்டுவார்கள். இங்கே சுற்றியதில் அந்தக் கடைசிப் பகுதி வெட்டப்பட்டிருந்தது. அதாவது ஒரு க்ரைம் கதையின் முதல் அத்தியாயத்தை மட்டும் கிழித்துக் கையில் கொடுத்து, மீதியை நீயே முடி என்றார்கள். 2018 ஜூலை 1 அன்று மகாராஷ்டிராவில் துலே மாவட்டத்தின் ராயின்பாடாவில் ஐந்து பேரைக் கொன்று முடித்தார்கள். ஐவரும் நாத் கோசாவி என்னும் நாடோடிச் சமூகத்தவர், பிச்சை கேட்டு வந்தவர்கள். நாடோடி என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

தமிழில் துப்பறிகிறவன் பிறந்து நூற்று முப்பது வருஷம் ஆகிறது. பண்டித நடேச சாஸ்திரியின் தானவன் 1894ல் வந்தான். பிறகு ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி அய்யங்கார். எண்பதுகளில் பஸ் ஸ்டாண்டு கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கிய மாத நாவல்களில் ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும். இவற்றைக் கேவலமாகப் பேசும் சிற்றிதழ்ப் பழக்கம் எனக்கில்லை; படித்து வளர்ந்தவன்தான். ஆனால் இவ்வகைக் கதையில் பிள்ளை கடத்தப்படும்போது நடப்பதைப் பாருங்கள். டெலிபோன் மணி அடிக்கும். பெட்டியில் பணம் கேட்பார்கள். அப்பன் தொழிலதிபர். கூலிக்காரன் பிள்ளை இந்தக் கதைகளில் அநேகமாகக் காணாமல் போவதே இல்லை, ஏனென்றால் அவனிடம் பெட்டியும் இல்லை டெலிபோனும் இல்லை. நிஜத்தில் தலைகீழ். ஏழைப் பிள்ளையைத் தூக்குகிறவன் அப்பனிடம் காசு கேட்கமாட்டான். பிள்ளையே காசு.

இந்தக் கணக்கை இந்தக் கரையில் முதலில் எழுதிவைத்தவர்கள் டச்சுக்காரர்கள். பழவேற்காட்டில் அவர்களுடைய ஜெல்ட்ரியா கோட்டை 1613ல் எழுந்தது. 1825ல்தான் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. துணி வியாபாரம் என்றுதான் நாம் படித்தோம். கைலியும் சாயத்துணியும் ஏற்றிய கரையிலிருந்தே ஆட்களும் ஏற்றப்பட்டார்கள். பஞ்சமும் படையெடுப்பும் வந்த வருஷங்களில் விலை சரியும், வாங்குவது கூடும். 1659 முதல் 1661 வரையான காலத்தில் மட்டும் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய இடங்களில் கம்பெனி 8,000 முதல் 10,000 பேர் வரை வாங்கியது என்கிறார் வரலாற்றாசிரியர் மார்க்கஸ் விங்க். பெரும்பகுதி இலங்கைக்கு, மீதி பட்டாவியாவுக்கும் மலாக்காவுக்கும். பசியில் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் உண்டு. தரகர்கள் கடத்திக்கொண்டுவந்தவர்களும் உண்டு. 'சாப்பிடலேன்னா புள்ள புடிக்கிறவன்கிட்ட குடுத்துடுவேன்' என்று சோறு ஊட்டும்போது அம்மாக்கள் சொல்வதை நான் இந்த வரலாற்றோடு நேராக முடிச்சுப் போடமாட்டேன், அது சுலபமான வேலை. ஆனால் சாக்குப் பையோடு வரும் பரதேசியை அந்தச் சொல்லில் நாம் பார்க்கிறோம், கோட்டையை ஒருபோதும் பார்ப்பதில்லை என்பதை மட்டும் சொல்லத் தோன்றுகிறது.

பரதேசிக்கு அந்தப் பட்டம் எப்படி வந்தது? காலனியப் போலீஸ் குறிப்புகள் குறவர் முதலான நாடோடிச் சாதிகளின் மேல் ஏற்றிய குற்றங்களில் பிள்ளை திருடுவதும் ஒன்று. 1871ல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஆரம்பாக்கத்தைக் கடந்து கூடூர், நெல்லூர் என்று போகும் அதே ரயில் பாதையில் காவலி இருக்கிறது. அங்கே எருகலர் முதலானவர்களை அடைத்த குடியிருப்பை அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷன் நடத்தியது. இன்னும் வடக்கே ஸ்டூவர்ட்புரத்தைச் சால்வேஷன் ஆர்மி நடத்தியது. மீனா ராதாகிருஷ்ணா 2001ல் வெளியிட்ட நூலில் இதன் கதை விரிவாக இருக்கிறது. இந்தச் சட்டத்தில் ஒரு ஷரத்து: பதிவு செய்யப்பட்ட சாதிகளின் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் வைக்கலாம். 1897லேயே திருத்தமாக நுழைந்த அதிகாரம் அது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று பெயர் வாங்கியவர்களின் பிள்ளைகளைச் சட்டம் பிடித்துக்கொண்டது. சென்னை மாகாணத்தில் 1947லும், நாடு முழுக்க 1952லும் சட்டம் போனது. பெயர் போகவில்லை. ராயின்பாடாவின் ஐந்து பேர் அதற்குச் சாட்சி.

கோட்டையும் சட்டமும் பழங்கதை என்று தோழர்கள் சொல்லக்கூடும். 1999க்கு வருவோம். சென்னை புளியந்தோப்பில் தெருக் குழாயடிக்குப் பக்கத்தில் விட்டுப்போன ஒரு சின்னப் பையன் காணாமல் போனான். ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோயிருக்கிறார்கள். அவன் அப்பா ஐந்து வருஷம் தென்னிந்தியா முழுக்கத் தேடினார். சொந்தக்காரர்களும் நண்பர்களுமே துப்பறிகிறவர்கள். எந்த ஊரிலிருந்து வதந்தி வந்தாலும் கிளம்பிவிடுவார். செலவுக்குப் பெற்றோர் வழி வந்த இரண்டு குடிசைகளை விற்றார். விவேக்கும் பரத்தும் இந்தத் தெருவுக்கு வரவில்லை. 2005ல் சில பேர் சாராயக்கடையில் கடத்தலைப் பற்றிச் சத்தமாகப் பேசிப் பிடிபட்டதும்தான் நூல் அவிழ்ந்தது. பையனை மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற அனாதை இல்லத்துக்கு 10,000 ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள் என்றது போலீஸ். அங்கே அவனுக்கு வேறு பெயர் வைத்து, இல்லாத ஒரு தாய் அவனை ஒப்படைத்ததாகப் பத்திரம் எழுதி, அமெரிக்காவுக்குத் தத்து அனுப்பியிருந்தார்கள். ஸ்காட் கார்னி 2009ல் மதர் ஜோன்ஸ் இதழில் எழுதியபடி, 1991க்கும் 2003க்கும் நடுவில் அந்த இல்லம் குறைந்தது 165 குழந்தைகளை அமெரிக்கா, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா என்று வெளிநாடுகளுக்கு அனுப்பியது. எல்லாம் திருடிய பிள்ளைகள் என்று சொல்லமுடியாது. எவை என்று தாளை வைத்துப் பிரித்துச் சொல்லவும் முடியாது என்பதுதான் அந்தத் தாள்களின் வெற்றி. 1984ல் லக்ஷ்மி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் வெளிநாட்டுத் தத்துக்கு வகுத்த விதிகள் கடத்தலைத் தடுக்க வந்தவை. பத்திரமும் முத்திரையும் இருந்தால் போதும் என்று ஆனபோது, பத்திரம் தயாரிப்பதே தொழிலானது.

அங்கே, அமெரிக்க வீட்டில், நல்ல மனசோடு காசு கொடுத்துப் பிள்ளையை வளர்த்தவர்கள் இருந்தார்கள். அவர்களை வில்லனாக்கினால் கட்டுரை சுலபமாகும். கடத்தியவன், விற்றவர், பத்திரம் எழுதியவர், பார்த்து ஒப்புக்கொண்டவர், ஆசையாய் வாங்கிக்கொண்டவர்கள் என்று வரிசை நீளுகிறது. க்ரைம் நாவலுக்கு இதில் முதல் ஆள் மட்டும் போதும்.

ஏழையின் பிள்ளை காணோம் என்றால் 'எங்கயாவது போயிருக்கும், தேடிப் பாரு' என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்புவது நெடுநாள் வழக்கம். 2006ல் நொய்டாவின் நிட்டாரியில் குழந்தைகளின் எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டபோது, பெற்றோர் கொடுத்த புகார்கள் எவ்வளவு காலம் கிடந்தன என்பது வெளியே வந்தது. காணாமல் போன குழந்தை பற்றிப் புகார் வந்தாலே கடத்தல் அல்லது ஆள்கடத்தல் என்று கொண்டு எஃப்.ஐ.ஆர். போடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட 2013 ஆனது. இன்னொன்றையும் சேர்த்துப் படிக்கவேண்டும்: போக்சோ வழக்குகளில் 90 சதவிகிதத்துக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர்தான் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் வருஷா வருஷம் சொல்கின்றன. மாமா, பக்கத்து வீட்டுக்காரன், வாத்தியார். எளாவூர் சோதனைச் சாவடியில் எந்த வண்டியை நிறுத்தினாலும் இவர்கள் அகப்படமாட்டார்கள்.

ஆரம்பாக்கம் ரயில் பாதையில் வருஷா வருஷம் மழை ஓய்ந்த பிறகு ஒடிசாவின் பலாங்கீர் பக்கத்துக் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு இறங்கி, இந்தப் பக்கம் சேம்பர் என்று சொல்லும் செங்கல் சூளைகளுக்குப் போகின்றன. நுவாகாய் பண்டிகை முடிந்ததுமே அங்கே தரகன் முன்பணம் கொடுத்துவிடுகிறான். தலைக்கு இவ்வளவு என்று கணக்கில்லை. பதூரியா என்று ஒரு அலகு. ஒரு ஆண், ஒரு பெண், ஒரு குழந்தை சேர்ந்தால் ஒரு பதூரியா. காயும் கல்லைத் திருப்பிப்போட ஈரக் கற்களின் மேல் நடக்கவேண்டும், பெரியவர் நடந்தால் கல் உடையும், குழந்தையின் எடைக்கு உடையாது. ஒரு குடும்பத்தில் குழந்தை இல்லையென்றால் அலகு நிறைவதற்கு வேறு வீட்டுக் குழந்தையைச் சேர்த்துக் கூட்டிவருவார்கள்.