விறகு பிளக்கும் மிஷினும் ஊட்டிக் குளிரும்

நம்ம புதுச்சேரியில் மார்கழியிலும் பெரிய குளிர் இருப்பதில்லை. விறகுத் தொட்டியில் கிடைப்பது சவுக்குக் கட்டை, கோடாலியால் நாலு போடு போட்டால் முடிந்தது. ஹைட்ராலிக் மிஷின் வைத்து விறகு பிளப்பது இங்கே யாருக்கும் தேவைப்படாத சமாச்சாரம். ஆனால் அதன் கதை ஒரு பிரெஞ்சுக்காரரிடம் தொடங்குகிறது. அதனால் அதைப் பேச நமக்கும் கொஞ்சம் உரிமை உண்டு :-)

அவர் பிளேஸ் பாஸ்கல். மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்றார். 1662-ல் அவர் இறந்து, அடுத்த வருடம்தான் அந்தப் புத்தகம் வெளியானது. 1795-ல் ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் இதை வைத்து அழுத்தும் எந்திரம் செய்து காப்புரிமையும் வாங்கிவிட்டார். (யோசித்தவர் ஒருவர், காசு பார்த்தவர் இன்னொருவர். பி.காம். படிக்கிறவனுக்கு இதுதான் முதலில் கண்ணில் படும்.)

கணக்கு எளிது. 10 செ.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு சுமார் 78 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீ.க்கு 200 கிலோ அழுத்தம் கொடுத்தால் 15 டன்னுக்கு மேல் விசை வரும். எதிரே ஓர் ஆப்பு இருந்தால் கட்டை பிளந்துதானே ஆக வேண்டும்!

பிராமா பயன்படுத்தியது தண்ணீர். குளிர் நாட்டில் அது உறைந்து குழாயை வெடிக்க வைக்கும். 20-ஆம் நூற்றாண்டில் எண்ணெய் வந்தது. எண்ணெய் அப்படி உறையாது, ஆனால் கெட்டிப்படும். மார்கழியில் தேங்காயெண்ணெய் பாட்டிலைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கெட்டியான எண்ணெயைப் பம்பு உறிஞ்சத் திணறும், உள்ளே குமிழி உண்டாகிப் பம்பையே அரித்துவிடும். அதனால்தான் குளிர்காலத்தில் மெல்லிய எண்ணெய் ஊற்றுகிறார்கள். கட்டை வைக்காமல் சில நிமிடம் சும்மா ஓடவிட்டு, பிஸ்டனை நாலைந்து முறை முன்னும் பின்னும் நகர்த்திய பிறகே வேலையைத் தொடங்குகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ஈரம் உறைந்த கட்டை சுலபமாகப் பிளக்கும். மிஷினுக்கு ஆகாத குளிர் விறகுக்கு ஆகிறது. விரலுக்கு? மரத்துப்போன விரலுக்கு ஆப்பு எவ்வளவு கிட்டே இருக்கிறது என்று தெரியாது. ஒருவர் கட்டை வைக்க இன்னொருவர் லீவரை இழுத்தால் போச்சு. இரண்டு வேலையும் ஒரே ஆள்தான் செய்ய வேண்டும்.

இனி நம் பக்கத்துக் குளிருக்கு வருவோம். 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி ஏறினார். பின்னாலேயே பங்களாக்கள் வந்தன, பங்களாவுக்குக் கணப்பு வந்தது, கணப்புக்கு விறகு வேண்டியிருந்தது. வெட்டுப்பட்டவை சோலைக்காடுகள். சோலை மரம் மெதுவாக வளரும், விறகுச் செலவோ நிற்காது. முதலில் கைவைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். அப்புறம் 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரித் தைல மரம் வந்தது. அதை நட்டது தரிசில் அல்ல, தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளில். அந்தப் புல்வெளியும் சோலையும்தான் மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைகளுக்குக் கொடுத்தவை. கணப்பு எரித்தவர்களின் கணக்குப் புத்தகத்தில் இந்தச் செலவு ஏறவே இல்லை.

அந்தத் தைல மரமும் லேசுப்பட்டதல்ல. பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். காயவிட்டால் நார் முறுக்கிக்கொண்டு கோடாலியைப் பிடித்துக்கொள்ளும். அப்போதுதான் 15 டன் தேவைப்படுகிறது.