பாராசூட் கயிற்று மடிப்பும் ரப்பர் பேண்டும்

பாராசூட் கயிற்று மடிப்பு என்பது, காற்றில் விரியும் துணிக்குடையான விதானத்தையும் குதிப்பவரின் தோள் வார்களையும் இணைக்கும் தொங்கு கயிறுகளை ஒரே கற்றையாகச் சேர்த்து, இடமும் வலமுமாக மாற்றி மாற்றி மடித்து, ஒவ்வொரு மடிப்பின் நுனியையும் விதானப் பையில் கோத்துள்ள ரப்பர் பேண்டுக்குள் செருகிவைக்கும் முறையாகும். விதானப் பை என்பது, மடித்த விதானத்தைப் பொதிந்து முதுகுப் பொதிக்குள் வைக்கும் துணிப்பை. பாராசூட்டின் உறுப்புகளில் விலை மிகக் குறைந்ததும் அடிக்கடி மாற்றப்படுவதும் இந்த ரப்பர் பேண்டே என்றாலும், விதானம் எந்த ஒழுங்கில் விரிகிறது என்பது பெருமளவு இதைப் பொறுத்தே அமைகிறது.

மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருப்பவர் பைலட் சூட் எனப்படும் சிறு குடையைக் காற்றில் விட்டதும், அது விதானப் பையை முதுகிலிருந்து இழுத்து மேலே கொண்டுசெல்கிறது. அப்போது கயிறுகள் ஒவ்வொரு மடிப்பாகக் கழன்று முழு நீளத்துக்கு நீள வேண்டும். அதற்குப் பிறகே, பையின் வாயை மூடிப் பிடித்திருக்கும் பூட்டு மடிப்புகள் விடுபட்டு விதானம் வெளிவர வேண்டும். பேண்டுகள் தளர்ந்திருந்தால், வேகமாக எழும்பும் பையிலிருந்து கயிற்றுக் கற்றை தன் எடையாலேயே மொத்தமாகச் சரிந்து கொட்டிவிடக்கூடும். பூட்டு மடிப்பும் தளர்ந்திருந்தால், கயிறு நீள்வதற்கு முன்பே விதானம் வெளியே வந்து காற்றைப் பிடித்துக்கொள்ளும்; அந்த அதிர்ச்சி விதானத்தைக் கிழிக்கவும் குதிப்பவரின் கழுத்தையும் முதுகையும் காயப்படுத்தவும் வல்லது. இதற்கு மாறாக, மடிப்பு கழலவே இல்லையென்றால் விதானம் பைக்குள் சிறைப்பட்டுவிடும். அந்நிலையில் முதன்மைப் பாராசூட்டைத் துண்டித்துவிட்டு மாற்றுப் பாராசூட்டை விரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எனவே நல்ல ரப்பர் பேண்ட் என்பது மிக வலுவானது அன்று. வேண்டிய அளவு இறுக்கமாகப் பிடிப்பதும், மடிப்பு சிக்கிக்கொண்டால் தானே அறுந்து வழிவிடுவதுமாகும். பேண்ட் அறுவதைக் குறையாகக் கருதி, அறாத பொருளைத் தேடும் புதியவர்கள் இந்த அடிப்படையைத் தவறவிடுகின்றனர். ஒரு மடிப்பை உருவி எடுக்க ஏறக்குறைய 8 முதல் 12 பவுண்டு, அதாவது சுமார் 3.6 முதல் 5.4 கிலோகிராம் இழுவிசை தேவைப்பட வேண்டும் என்பது விதானத் தயாரிப்பாளர்களிடையே வழங்கும் அளவுகோல்.

இந்த இறுக்கத்தைப் பெறக் கயிற்றின் தன்மைக்கேற்ற அளவில் பேண்டைத் தெரிவுசெய்ய வேண்டும். பாலியெஸ்டரால் ஆன டேக்ரான் கயிறு தடிமனானது. அதற்கு 2 அங்குல நீளமுள்ள பேண்ட் பொருந்தும். ஸ்பெக்ட்ரா, வெக்ட்ரான் போன்ற இழைகளால் ஆன கயிறுகள் மெல்லியவை. ஸ்பெக்ட்ரா வழுக்கும் இயல்பும் உடையது. ஆகவே அவற்றுக்கு ஒன்றேகால் அங்குலச் சிறு பேண்ட் வேண்டும். பெரிய பேண்டையே மெல்லிய கற்றையின்மேல் இரண்டு சுற்றாகச் சுற்றும் வழக்கமும் உண்டு. இரட்டைச் சுற்று, கயிறு நேராகக் கழலாமல் பேண்டுக்குள் இறுகிக்கொள்ள இடந்தரக்கூடும் என்பதால், சரியான அளவுள்ள பேண்டை ஒரே சுற்றாகப் பயன்படுத்துவதே மேல். எனினும் அந்தந்தப் பொதியின் கையேடு சொல்வதே இறுதியானது. பையின் ஒரு பக்கத்தில் புதிய பேண்டும் எதிர்ப் பக்கத்தில் நைந்ததும் இருந்தால், பை ஒருபுறமாகச் சாய்ந்து ஆடியபடி எழும்பிக் கயிறுகளை முறுக்கிவிடக்கூடும். ஆகையால் எதிரெதிர்ப் பேண்டுகள் ஒரே இறுக்கம் உடையனவாக இருக்க வேண்டும்.

ரப்பர் மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் இயற்கை ரப்பரே இந்தப் பேண்டுகளின் மூலப்பொருள். அதன் மூலக்கூறுச் சங்கிலியிலுள்ள இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் தாக்குகிறது. வெப்பமும் வெயிலும் தேய்மானத்தை விரைவுபடுத்துகின்றன. கோடை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் பாராசூட்டை நாள்முழுதும் விட்டுவைத்தால் கேடு முதலில் பேண்டுக்கே. பேண்டை இரு விரல்களுக்கிடையே இழுத்துப் பிடித்து, பையின் கண்ணியில் சுருக்கிட்டுள்ள வளைவைப் பார்த்தால், நீட்சிக்குக் குறுக்காக மயிரிழை வெடிப்புகள் தெரியும். அவை தென்பட்டவுடன், அறுவதற்குக் காத்திராமல், பேண்டை மாற்றிவிட வேண்டும். அலுவலகத்தில் தாள்கட்டுக்குப் போடும் மெல்லிய பேண்ட், அகலத்திலும் இழுதாங்கும் திறனிலும் சீரற்றது என்பதால் இப்பணிக்கு உதவாது. செயற்கை ரப்பர்க் குழாயை வெட்டிச் செய்த வளையங்கள் நீண்டநாள் உழைப்பவை. ஆனால் எளிதில் அறாத அந்தப் பண்பே அவற்றின் அபாயமும் ஆகும்.

இந்தியாவில் பாராசூட் கலை பெரும்பாலும் ராணுவப் பயிற்சியோடு வளர்ந்தது. 1941இல் 50ஆவது இந்தியப் பாராசூட் படையணி அமைக்கப்பட்டது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் ஆக்ரா இப்பயிற்சியின் மையமாயிற்று. விமானப் படையின் பாராசூட் வீரர் பயிற்சிப் பள்ளியும், பாராசூட்டுகளை வடிவமைக்கும் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வகமும் அங்கேயே இயங்குகின்றன. அந்த ஆய்வகம் அதே நிறுவனத்தின் பெங்களூரு ஆய்வகத்தோடு சேர்ந்து உருவாக்கிய போர்ப் பாராசூட்டை அணிந்து, 2025 அக்டோபரில் வீரர்கள் 32,000 அடி உயரத்திலிருந்து குதித்தனர். அவ்வுயரத்தில் காற்று உறைநிலைக்குக் கீழே 45 பாகை செல்சியஸை ஒட்டிக் குளிரும். இயற்கை ரப்பர் ஏறக்குறைய −70 பாகையில்தான் கண்ணாடிபோல் இறுகுகிறது என்றாலும், அதற்கு வெகு முன்பே விறைக்கத் தொடங்கிவிடும். ஆகவே தரையில் சோதித்த இழுவிசை அவ்வுயரத்தில் அப்படியே நிலைப்பதில்லை.

மாற்றுப் பாராசூட்டில் பொதுவாக இத்தகைய தனித்தனிப் பேண்டுகளுக்கு இடமில்லை. அதன் பையின் வாயை, துணிக்குழலுக்குள் ஓடும் ஒரே மீள்கயிற்று வளையத்தின் இரு முனைகள் மூடுகின்றன. ஒரு முனையில் கயிறு விடுபட்டால் வளையம் முழுவதும் தளர்ந்து மறு முனையையும் விட்டுவிடும். எஞ்சிய கயிறு மடிப்புப் பிடிகள் எதுவுமின்றிப் பையின் உறையொன்றில் வளைத்து வைக்கப்படுகிறது.