கேளாத ஒலியும் தமனியின் சுவரும்



இருதயத்தினின்று உடலெங்கும் இரத்தத்தைக் கொண்டு செல்லும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து தடிப்பது, பல்லாண்டுக் காலம் அரவமின்றி நடைபெறும் காரியமாகும். மாரடைப்போ பக்கவாதமோ நேர்ந்த பின்னரே பலர் அதனை அறிகின்றனர். உயிரோடிருப்பவரின் தமனிச் சுவரைக் கத்தி படாமல் காண இயலுமா என்பது மருத்துவ உலகை நெடுங்காலம் வாட்டிய வினா.

1927-ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரத்து மருத்துவர் ஏகஸ் மோனிஸ், கழுத்துத் தமனியில் மருந்தைச் செலுத்தி எக்ஸ்-ரே படம் எடுத்துக் காட்டினார். அரிய சாதனைதான், எனினும் அதில் தெரிந்தது இரத்தம் ஓடும் வழியேயன்றிச் சுவரன்று. வாய்க்காலில் ஓடும் நீரின் அகலத்தைக் கொண்டு கரையின் பருமனை அறிய இயலாதல்லவா?

விடை கப்பல் கட்டும் தளத்திலிருந்து வந்தது. ஸ்வீடன் நாட்டு மால்மோவில், உலோகத்தினுள் மறைந்த விரிசலைக் கண்டறிய, மனிதச் செவிக்கு எட்டாத ஒலியைச் செலுத்தி அதன் எதிரொலியை வாங்கும் கருவியொன்று இருந்தது. (இவ்வொலியை நாம் மொழிபெயர்ப்பில் 'மீயொலி' என்றெழுதுகிறோம், 'கேளாவொலி' என்பாரும் உளர். பின்னதே நமக்கு இனிக்கிறது.) லுண்ட் நகரத்துப் பௌதிக அறிஞர் கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸ் அக்கருவியை ஒரு வார இறுதிக்கு இரவல் பெற்றுத் தம் மார்பின்மீதே வைத்துப் பார்த்தார். அலைகளின் அதிர்வை யார் பெயரால் அளக்கிறோமோ, அந்த ஹைன்ரிக் ஹெர்ட்ஸின் குடும்பத்தவர் இவர். 1953 அக்டோபர் 29 அன்று இவரும் இருதய மருத்துவர் எட்லரும் துடிக்கும் இருதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தனர்.

இருதயத்தைக் கண்ட ஒலி தமனிச் சுவரை அளக்க மேலும் முப்பதாண்டுகள் ஆயின. நுட்பமான விவரத்தைக் காட்டும் கருவிகள் வந்த பிறகு, கழுத்துத் தமனியின் சுவரில் இரண்டு இணைகோடுகள் தென்பட்டன. அவற்றின் இடைவெளி, சுவரின் உள்ளடுக்கும் நடுவடுக்கும் சேர்ந்த பருமனே என்பதை, இறந்தோரின் தமனித் துண்டுகளோடு ஒப்பிட்டு 1986-இல் மிலான் நகரத்துப் பிக்னோலி குழுவினர் நிறுவினர். நலமுள்ள இளைஞரிடம் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு!

1992-இல் செலர்மேஜர் முதலியோர் லண்டனிலிருந்து வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி சென்றது. கைகால்களில் பட்டையை இறுக்கிச் சில நிமிடம் இரத்தத்தைத் தடுத்துப் பின் தளர்த்தினால், நலமுள்ள தமனி விரிந்து கொடுக்கும். புகைபிடிப்போரிடமும், பரம்பரையாக இரத்தத்தில் கொழுப்பு மிகுந்த சிறுவரிடமும் அவ்விரிவு குன்றியிருந்தது. நோயின் குறி ஏதும் தோன்றாத பள்ளிப் பருவத்திலேயே தமனி தளர்ந்திருந்த செய்தி நம்மைக் கலங்கச் செய்கிறது.

எனினும் ஆராய்ச்சிக் கூடத்தில் சிறந்த அளவுகோல், தனி மனிதருக்கு அவ்வாறே பயன்படுவதில்லை. வயது, இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவை கூறுவதற்குமேல் சுவரின் பருமன் கூறுவது சொற்பமே. அதனை வழக்கமான சோதனையாகச் செய்ய வேண்டாம் என 2013-இல் அமெரிக்க இருதய மருத்துவச் சங்கங்கள் அறிவுறுத்தின. வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர், 'முழு உடல் பரிசோதனை' விளம்பரங்களைப் படிக்கையில் இதனை நினைவிற் கொள்ளலாம். பக்கவாதம் கண்டவருக்கோ கதை வேறு: கழுத்துத் தமனியில் அடைப்பு உளதா என அறிய, மருத்துவர் இன்றும் இக்கேளாத ஒலியையே நாடுகின்றனர்.