காலி அறைகள் விற்பனைக்கு

1976-ம் ஆண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்று ஓர் ஏரிக்கரை ஊர். அங்கே டி.எஸ்.ஆர். என்கிற குட்டிக் கம்பெனியைத் தேடிக்கொண்டு, பக்கத்து மாநிலமான இல்லினாயிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பாப் பிளெட்சா, பில் ஓவன். 'உங்கள் விளையாட்டுக்கு ஊர், மேப், சாகசம் எல்லாம் நாங்களே ரெடிமேடாகத் தயாரித்து விற்கலாமா?' என்பது அவர்கள் கேள்வி. தாராளமாகச் செய்துகொள்ளுங்கள் என்று பதில் வந்தது. ஏன் இத்தனை தாராளம்? இதையெல்லாம் எவன் காசு கொடுத்து வாங்கப்போகிறான் என்பதுதான் டி.எஸ்.ஆரில் பலருடைய எண்ணம்.

யோசித்துப் பார்த்தால் அந்த எண்ணத்தில் நியாயம் இருந்தது.

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் நாலு பையன்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடையை உருட்டிக் கத்திக்கொண்டிருப்பார்களே, அதேதான். காய் நகர்த்திக் கட்டத்தை எட்ட வேண்டும் என்றெல்லாம் இதில் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ஒருவன் வீரன், ஒருத்தி மந்திரவாதி. 'எதிரே இருட்டான குகை. உள்ளே யாரோ குறட்டை விடும் சத்தம். என்ன செய்யப்போகிறீர்கள்?' என்பார் மாஸ்டர். வாயில் வருவதுதான் பதில். வாள் பட்டதா, தப்பியதா என்பதை 20 முகம் கொண்ட பகடை சொல்லும். இதில் யாரும் ஒரேயடியாக ஜெயிப்பதில்லை. அடுத்த வாரம் கதை தொடரும்.

இதை உண்டாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்று இருவர். கைகாக்ஸ் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1970-ல் வேலை போனது. வீட்டில் செருப்பு தைத்துச் சம்பாதித்தபடியே விதிகளை எழுதினார். 1974-ல் மூன்று சின்னப் புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டு 10 டாலருக்கு விற்றார்கள். முதல் அச்சு ஆயிரம் பெட்டி.

அந்த மூன்றாவது புத்தகத்தின் கடைசியில் ஒரு வேண்டுகோள் இருந்தது. சந்தேகம் வந்தால் எங்களைக் கேட்காதீர்கள், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். உங்களுக்குப் பதிலாக நாங்கள் எதற்குக் கற்பனை செய்ய வேண்டும் என்கிற பொருளில். நிலவறையை வரைவது, பூதத்தை உட்காரவைப்பது, புதையலை ஒளிப்பது, இதுதானே மாஸ்டருக்குச் சுகமே? அந்தச் சுகத்தை வேறொருவன் அனுபவித்து முடித்து, மிச்சத்தைப் புத்தகமாக விற்றால் வாங்குவார்களா? பேரனுக்குக் கதை சொல்ல பாட்டிக்கு கைடு விற்பது மாதிரி.

வாங்கினார்கள். ஜட்ஜஸ் கில்ட் என்று பெயர் வைத்துக்கொண்டு பிளெட்சாவும் ஓவனும் விற்ற கற்பனை நகரத்தின் பிரமாண்ட மேப், கடை கண்ணிகளோடு சேர்த்து நன்றாகவே போனது. காமர்ஸ் படித்த எனக்கு இதில் ஆச்சரியமில்லை. கற்பனை எல்லோருக்கும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் நண்பர்கள் வருவதற்குள் நாற்பது அறைகளை எழுதி முடிக்க நேரம்தான் இல்லை. விற்றது கற்பனை அல்ல, நேரம்.

டி.எஸ்.ஆர். 1978-ல் விழித்துக்கொண்டது. கைகாக்ஸ் எழுதிய சாகசங்களை 'மாட்யூல்' என்ற பெயரில் தனித்தனிப் புத்தகங்களாக வெளியிட்டது. அவற்றில் பல, போட்டிகளுக்காக எழுதப்பட்டவை. 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற கொலைகாரச் சமாதி, 1975-ல் பால்டிமோரில் நடந்த ஒரிஜின்ஸ் மாநாட்டுப் போட்டிக்கானது. போட்டி என்றால் எல்லா அணிக்கும் ஒரே அறை, ஒரே பொறி. இல்லாவிட்டால் யார் கெட்டிக்காரர் என்று எப்படித் தீர்மானிப்பது? சுருக்கமாக, அது ஒரு கேள்வித்தாள். வீட்டில் விளையாடுகிறவர்களுக்குக் கேள்வித்தாள் எதற்கு?

இந்த இடத்தில்தான் மைக் கார் என்ற மனிதர் ஒரு காரியம் செய்தார். ஆர்னிசனின் மேஜையில் உட்கார்ந்து விளையாடிப் பழகியவர், அப்போது டி.எஸ்.ஆரில் வேலை. புதிதாக மாஸ்டர் ஆகிறவர்களுக்காக 1978 வாக்கில் 'இன் சர்ச் ஆஃப் தி அன்நோன்' என்று ஒரு மாட்யூல் எழுதினார். ரோகான் என்கிற வீரன், ஜெலிகர் என்கிற மந்திரவாதி, இருவரும் சேர்ந்து மலைக்குள் குடைந்து கட்டிய கோட்டை. ஆட்கள் போனவர்கள் போனவர்கள்தான். கோட்டை காலி. சமையலறை எங்கே, நூலகம் எங்கே, ஒவ்வொன்றிலும் வேறு வேறு திரவம் நிற்கும் தொட்டிகள் உள்ள அறை எங்கே என்று எல்லாவற்றையும் விலாவாரியாக வர்ணிக்கிறார். ஆனால், அறைக்கு அறை வர்ணனை முடிந்ததும் இரண்டு வெற்றுக் கோடுகள். ஒன்று: பூதம். இன்னொன்று: புதையலும் அது இருக்கும் இடமும். கடைசிப் பக்கங்களில் பூதங்களின் பட்டியல், புதையல்களின் பட்டியல். பென்சில் எடுங்கள், எதை எங்கே வைப்பது என்று நீங்களே நிரப்புங்கள். சில அறைகளைக் காலியாகவே விட்டாலும் சரி.

காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தில் பாதியை நாமே எழுத வேண்டும்! ஏமாற்று வேலை மாதிரி தோன்றுகிறதா? எனக்கு அந்த விளையாட்டின் வரலாற்றிலேயே இதுதான் சாமர்த்தியமான புத்தகமாகத் தோன்றுகிறது. சமையலறையில் பூதத்தை வைத்தால் அங்கே என்ன தின்றுகொண்டிருக்கிறது என்று யோசிக்க வேண்டும். நூலகத்தில் வைத்தால் அதற்குப் படிக்கத் தெரியுமா என்று நண்பன் கேட்பான். கோடு போட்ட இடத்தை நிரப்புகிறவன் தன்னை அறியாமலே மாஸ்டர் ஆகிறான். என் கூட்டத்தில் மூன்று பேர்தான், அதிலும் ஒருத்தர் சண்டையே போடமாட்டார் என்றால் ஓநாயைக் குறைத்து, பேசத் தெரிந்த ஒரு திருடனை வைக்கலாம். இந்தக் கணக்கு மைக் காருக்குத் தெரியாது, தெரியவும் முடியாது. மேஜையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மாஸ்டருக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்து கைகாக்ஸே எழுதிய 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்', 1979-ல். விளையாட்டுப் பெட்டியோடு சேர்த்தே கொடுத்ததால் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போனது. எல்லைக் கோட்டை ஒன்று, அதற்குச் சற்றுத் தள்ளி குகைகள். கோட்டைக்குள் சத்திரக்காரர் உண்டு, நகை வியாபாரி உண்டு, உள்ளுக்குள் துரோகியான ஒரு ஜாலி சாமியாரும் உண்டு. ஒருத்தருக்கும் பெயர் கிடையாது. பெயர் வைப்பது உங்கள் பாடு.

பெயர் வைப்பது சுலபம். சிக்கல் குகைக்குள் இருந்தது. கோபோல்டு என்னும் குட்டை ஜந்துக்களின் குகையில், சண்டைக்கு வராத குட்டிகளும் இருப்பதாகப் புத்தகம் சொல்கிறது. பெரியவர்களை வெட்டிச் சாய்த்துவிட்டு வரும் வீரர்கள் அந்தக் குட்டிகளை என்ன செய்வது? புத்தகம் வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பையன்கள் மேஜையில் பகடையை வைத்துவிட்டுச் சண்டை போட வேண்டிய கேள்வி இது. சில மாஸ்டர்கள் குட்டிகளையே எடுத்துவிட்டார்கள். சிலர் குகைவாசிகளுக்கும் ஒரு குறையைக் கொடுத்து, கோட்டைக்காரர்களோடு பஞ்சாயத்துப் பேசவைத்தார்கள். அதே புத்தகம், அதே பக்கம், அப்படியே வேறு கதை.

விசித்திரம் என்னவென்றால், இதே வருடங்களில் கைகாக்ஸின் மனம் எதிர்ப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. 1977-லிருந்து 1979-க்குள் 'அட்வான்ஸ்டு' என்ற அடைமொழியோடு மூன்று தடிப் புத்தகங்கள் போட்டார். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு விதி மாறக்கூடாது, எங்கே உட்கார்ந்து ஆடினாலும் ஒரே ஆட்டமாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஐந்து வருடத்துக்கு முன் 'நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்' என்ற அதே மனிதர்! அவர் பக்கமும் நியாயம் உண்டு. போட்டி நடத்தச் சீர்மை வேண்டும், வியாபாரத்துக்கும் வேண்டும். ஆனால் வீட்டு மேஜைகள் அவரைச் சட்டை செய்யவே இல்லை. வேண்டிய விதியை வைத்துக்கொண்டு வேண்டாததை விட்டுவிட்டு ஆடினார்கள். 1985-ல் கம்பெனியின் பிடியே அவர் கையை விட்டுப் போனது. அடுத்த வருடம் வெளியேறினார். 2008-ல் காலமானார்.

இன்னொரு ஜோடியைச் சொல்லாமல் முடிக்கக்கூடாது. டிரேசி ஹிக்மன், அவர் மனைவி லாரா. யூட்டா மாநிலத்துக்காரர்கள். டிரேசி ஒருமுறை விளையாடும்போது, ஏதோ ஒரு நிலவறைக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு ரத்தக் காட்டேரி. 'நீ இங்கே என்னய்யா பண்ணுகிறாய்?' என்று தோன்றியதாம். சம்பந்தா சம்பந்தமில்லாமல் ஓர் அறையில் காட்டேரி நிற்கக்கூடாது, அதற்கென்று ஒரு கோட்டை, ஒரு காதல், ஒரு பழி இருக்க வேண்டும் என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து எழுதினார்கள். வருடா வருடம் ஹாலோவீன் இரவில் நண்பர்களைக் கூப்பிட்டு வீட்டில் ஆடினார்கள். கையில் காசில்லாத காலம். குழந்தைகளுக்கு ஷூ வாங்கப் பணம் வேண்டும் என்று, தாங்கள் எழுதிய சாகசத்தை டி.எஸ்.ஆருக்கு விற்கப் போனார் டிரேசி. அவர்கள் வேலையே கொடுத்தார்கள். (இந்த வரலாற்றில் காலணிக்கு ஏதோ ராசி இருக்கிறது.)

வீட்டில் ஆடிய அந்தக் காட்டேரிக் கதை 1983-ல் 'ரேவன்லாஃப்ட்' என்று வெளியானது. அடுத்த வருடமே டிரேசி பங்கெடுத்த 'டிராகன்லான்ஸ்' வரிசையில் நாயகர்கள், கதைப் போக்கு எல்லாம் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருந்தன. தண்டவாளத்தில் போகிற ரயில் மாதிரி இருக்கிறது, ஜன்னல் வழியாக வேடிக்கைதான் பார்க்க முடிகிறது என்று பலர் முணுமுணுத்தார்கள். ரேவன்லாஃப்டில் அந்தப் புகார் கிடையாது. அதில் ஒரு குறிகாரக் கிழவி வருவாள். ஆட்டம் தொடங்கியதும் மாஸ்டர் சீட்டுக்கட்டைக் கலைத்து அவள் சார்பில் சீட்டு எடுக்க வேண்டும். ஸ்ட்ராட் பிரபு என்கிற அந்தக் காட்டேரியைக் கோட்டையின் எந்த மூலையில் சந்திக்கலாம், அவன் திட்டம் என்ன, அவனைக் கொல்லும் வாள் எங்கே புதைந்திருக்கிறது என்பதெல்லாம் சீட்டில் விழுவதைப் பொறுத்தது. ஹிக்மன் தம்பதி எழுதிய புத்தகம்தான்; ஆனால் உங்கள் வீட்டில் வாள் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது.

2016-ல் இதே கதையை 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' என்று பெரிதாக்கிப் புதுப்பித்தபோது ஹிக்மன் தம்பதியையும் கலந்துகொண்டார்கள். ஊர்கள் கூடின, பாத்திரங்கள் கூடின, பக்கங்கள் இருநூறைத் தாண்டின. குறிகாரக் கிழவி மட்டும் அதே கூடாரத்தில், அதே சீட்டுகளோடு உட்கார்ந்திருக்கிறாள்.